பழைய சீன அரண்மனை ஜேட் வாங்குவது எப்படி: நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

மூன்று வருடங்களுக்கு முன் 38,000 ஹாங்காங் டாலர் கொடுத்து ஒரு வெள்ளை ஜேட் கிண்ணம் வாங்கினேன். தூரிகை கழுவுகிற சின்னக் கிண்ணம், தாமரை இலை வடிவம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அடியில் நான்கு சீன எழுத்துகளில், 18ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியான்லோங் பேரரசரின் ஆட்சி முத்திரை இருந்தது. கூடவே ஓர் ஆய்வக அட்டை: 'நெஃப்ரைட், இயற்கைக் கல்'. (ஜேட் என்ற பெயரில் இரண்டு வகைக் கல் உண்டு, ஒன்று நெஃப்ரைட், இன்னொன்று ஜேடைட்.) அட்டையில் பொய் எதுவும் இல்லை. கல் அசல்தான். ஆனால் அதைச் செதுக்கியது கடந்த இருபது வருடங்களுக்குள் என்று, காசு போன பிறகு இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்கள். வாங்கிய இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ரசீதில் காலம் என்று எதையுமே எழுதியிருக்கவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

அதன் பிறகு வாங்கிய மூன்று துண்டுகளும் நல்லவை, மூன்றுக்கும் காகிதம் இருக்கிறது. இடையில் ஒன்றரை வருடம் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டே மட்டும் இருந்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து படிகளைத் தாண்டாதீர்கள்.

1. முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நகைக்கடையில் 'இம்பீரியல் ஜேட்' என்றால் அது ஒரு நிறத்தின் பெயர். மரகதம் போல் பச்சையாக, ஒளி ஊடுருவுகிற ஜேடைட் கல்லை அப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் மியான்மரிலிருந்து வருவது. எந்தப் பேரரசருக்கும் அதோடு தொடர்பு இருக்கவேண்டிய அவசியம் இல்லை, போன மாதம் அறுத்த கல்லாகக்கூட இருக்கலாம்.

நாம் பேசுவது வேறு. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் அரண்மனைக்காகச் செய்த சிற்பங்கள், கிண்ணங்கள், மூடி போட்ட பாத்திரங்கள், முத்திரைக் கட்டைகள். இவற்றில் பெரும்பகுதி நெஃப்ரைட், அதிலும் சிஞ்சியாங்கில் உள்ள கோத்தான் பகுதிக் கல். வெள்ளை, லேசாகப் பச்சை கலந்த வெள்ளை, கீரைப் பச்சை எல்லாம் வரும். ஜேட் என்றதும் பச்சைக்கல் என்று நினைத்துக்கொண்டு தேடப் போகாதீர்கள், மிக உயர்வாக மதிக்கப்படுவது ஆட்டுக்கொழுப்பு நிறம் என்று சீனர்கள் சொல்லும் வெள்ளை.

இன்னொன்றும் உண்டு. 'அரண்மனைப் பொருள்', '18ஆம் நூற்றாண்டுப் பொருள்' இரண்டும் ஒன்றல்ல. அதே காலத்தில் வசதியான வீடுகளுக்கும் அருமையான ஜேட் செய்தார்கள். அரண்மனை என்று நிரூபிக்கக்கூடிய துண்டுகளின் விலை பயமுறுத்தும். 2021 ஏப்ரலில் ஹாங்காங் சோதபீஸ் ஏலத்தில் சியான்லோங்கின் வெள்ளை ஜேட் முத்திரைக் கட்டை ஒன்று சுமார் 14.5 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. நம்மைப் போன்றவர்கள் அடியில் ஆட்சி முத்திரை இல்லாத, அதே காலத்து, நல்ல வேலைப்பாடுள்ள சின்னத் துண்டில் ஆரம்பிப்பதுதான் சரி. என் இரண்டாவது துண்டு அப்படித்தான்: தாமரைத் தண்டைப் பிடித்திருக்கும் ஒரு சிறுவன், 5 சென்டிமீட்டர் உயரம்.

2. ஒரு முழு ஏலப் பருவம் பார்க்க மட்டும் போங்கள்

ஹாங்காங்கில் பெரிய ஏலங்கள் வசந்தத்தில் (ஏப்ரல், மே வாக்கில்) ஒரு முறை, இலையுதிர் காலத்தில் (அக்டோபர், நவம்பர் வாக்கில்) ஒரு முறை. நியூயார்க்கில் மார்ச்சும் செப்டம்பரும். லண்டனில் மே, நவம்பர். பாரிஸில் ஜூன், டிசம்பர். ஏலத்துக்கு முந்தைய சில நாள்கள் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பலருக்குத் தெரியாத விஷயம், கேட்டால் கையில் எடுத்துப் பார்க்கவும் கொடுப்பார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பத்து வருடம் நின்றாலும் அது கிடைக்காது.

போகும்போது மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றிவிடுங்கள். மேசை மேல் விரித்த துணிக்கு மேலேயே வைத்துப் பாருங்கள், நின்றுகொண்டு தூக்காதீர்கள். மூடியையும் கைப்பிடியையும் பிடித்துத் தூக்கவே கூடாது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சின்ன டார்ச் ஒன்று கொண்டுபோங்கள், டார்ச் அடிக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

கண்ணைப் பழக்க அருங்காட்சியகமும் வேண்டும். 2022இல் திறந்த ஹாங்காங் அரண்மனை அருங்காட்சியகம், தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகம், லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜேட் அறை. போனால் முன்பக்கத்தை மட்டும் ரசித்துவிட்டு வராதீர்கள். அடிப்பக்கமும் மூலை முடுக்குகளும் எப்படி முடிக்கப்பட்டிருக்கின்றன என்று குனிந்து பாருங்கள்.

3. கல்லைச் சோதியுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை அடர்த்தி பார்ப்பது. 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். முதலில் துண்டை எடை போடுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசில் வரும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. என் சிறுவன் பொம்மை 214.6 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 72.8. வகுத்தால் 2.95 கிட்டத்தட்ட. நெஃப்ரைட் 2.9 முதல் 3.0 வரை, ஜேடைட் 3.3 சொச்சம். 2.6 வாக்கில் வந்தால் செர்பென்டைன், குவார்ட்சைட் போன்ற வேறு கல்லாக இருக்கலாம், கண்ணாடியும் பெரும்பாலும் 2.5 பக்கம்தான் வரும். குழிவான பாத்திரத்தில் காற்றுக்குமிழி மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். உலோகமோ மரமோ ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

கத்தியால் கீறிப் பார்ப்பது, சூடான ஊசி வைப்பது இதெல்லாம் வேண்டாம். உங்கள் பொருளை நீங்களே கெடுப்பீர்கள், வேறு கல்லும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆய்வகத்துக்குக் கொடுத்தால் அகச்சிவப்பு, ராமன் நிறமாலை வைத்து என்ன கல் என்று துல்லியமாகச் சொல்வார்கள். அவ்வளவுதான் சொல்வார்கள். எப்போது செதுக்கியது என்று எந்த ஆய்வக அட்டையும் சொல்லாது, நான் விழுந்த குழி இதுதான். 'கார்பன் டேட்டிங் செய்த சான்றிதழ் உண்டு' என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். இந்தக் கல் உயிருள்ள பொருளிலிருந்து வந்ததல்ல, எப்போது செதுக்கியது என்று அந்த முறை காட்டாது.

4. வேலைப்பாட்டைப் படியுங்கள், முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. மணல் போன்ற உராய்பொடியை ஈரமாகத் தடவி, காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புச் சக்கரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் எடுத்தார்கள். இன்று மின்சாரத்தில் ஓடும் வைர முனை. இந்த வித்தியாசம் கல்லில் தங்கியிருக்கும்.

ஹாங்காங்கில் பழம்பொருள் கடைகள் இருக்கும் ஹாலிவுட் ரோட்டில் ஒரு வயதான கடைக்காரர் இதை எனக்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கம் விரலை விட்டுத் தடவச் சொன்னார். ஒன்றில் சுவரும் அடியும் சேரும் வளைவு வெண்ணெயில் விரல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றில் அதே இடத்தில் மெல்லிய படிப்படியான நெருடல். வெளியே இரண்டும் ஒரே பளபளப்பு. நல்ல அரண்மனை வேலையில் யாரும் பார்க்காத இடத்தையும் மெருகேற்றியிருப்பார்கள். இப்போது செய்கிறவருக்கு அத்தனை நேரம் செலவிடக் கட்டுப்படியாகாது.

லென்ஸில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: கோடுகள் ஒரே அகலத்தில், ஒன்றுக்கொன்று இணையாக, நுண்ணிய கீறல்களோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய சக்கரக் கோடு நடுவில் ஆழமாகி இரு முனையிலும் மெலிந்து முடியும். பழைய மெருகு எண்ணெய் தடவியது போல மென்மையாக ஒளிரும், புதியது கண்ணாடி போல் பளீரென்று ஜன்னலைக் காட்டும். இது விதி அல்ல, பழையதை மறுபடி மெருகேற்றியவர்களும் உண்டு. கல்லின் இயற்கையான பழுப்பு மேல்தோலைச் செதுக்காமல் விட்டு வைத்திருந்தால் நிறம் படிப்படியாக மங்குகிறதா, இல்லை விரிசலுக்குள்ளும் குழிக்குள்ளும் மட்டும் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் சாயம். விரிசலைப் பிசின் வைத்து அடைத்திருந்தால் புற ஊதா டார்ச்சில் அந்த இடம் மட்டும் பெரும்பாலும் மினுங்கும்.

இப்போது முத்திரை. 'சியான்லோங் நியென் ஜி' என்று நான்கு எழுத்து, முன்னால் 'தா சிங்' சேர்த்து ஆறெழுத்து, பேரரசரின் உபயோகத்துக்கு என்று பொருள்படும் 'சியான்லோங் யூ யோங்', பழங்காலப் பாணியைப் பின்பற்றியது என்னும் 'சியான்லோங் ஃபாங் கு'. இவை எல்லாமே போலியாக வெட்டப்படுகின்றன. அதைவிட மோசம், நிஜமாகவே பழைய, ஆனால் முத்திரையில்லாத துண்டில் விலை ஏற்றுவதற்காகப் பின்னால் முத்திரை வெட்டுவது. கல் சரி, வேலை சரி, முத்திரை மட்டும் புதிது. எழுத்தின் குழிக்குள் இருக்கும் மெருகும் சுற்றியுள்ள மெருகும் ஒன்றா என்று பாருங்கள்.

கவிதை செதுக்கிய துண்டு கிடைத்தால் ஒரு வழி இருக்கிறது. சியான்லோங் பெயரில் 40,000க்கு மேல் கவிதைகள் உண்டு, அவை தொகுப்புகளாக அச்சில் இருக்கின்றன. சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துச் செதுக்கியிருக்கும் வரிகளை அச்சுப் பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓரெழுத்து பிசகியிருந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள். எல்லாம் பொருந்தினாலும் அது பாதி நிரூபணம்தான், போலி செய்கிறவரிடமும் அதே புத்தகம் இருக்கும்.

5. கைமாறிய வரலாறு: உண்மையில் நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான்

யாரிடம் இருந்தது, எப்போது வாங்கினார், எங்கே காட்சிக்கு வைத்தார், எந்த ஏலத்தில் எந்த லாட் எண் (ஏலப் பட்டியலில் அந்தப் பொருளின் வரிசை எண்). இந்தச் சங்கிலி எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது. நவீனக் கருவிகளும் பெரும் போலிச் சந்தையும் வருவதற்கு முன்பே பொருள் இருந்தது என்று காட்டும் ஒரு பழைய ரசீது, எந்த நிபுணர் கடிதத்தையும்விட மேல்.

கேட்டு வாங்க வேண்டியவை: பழைய ரசீதின் நகல், பழைய ஏலப் பட்டியலின் அந்தப் பக்கம், அடியில் ஒட்டியிருக்கும் வியாபாரி லேபிளின் படம் (லண்டனின் ஸ்பிங்க், புளூவெட் போன்றவர்களின் பழைய லேபிள்களை அடிக்கடி பார்க்கலாம், அந்த லேபிள்களையும் போலியாக அச்சடிக்கிறார்கள்), குடும்பச் சொத்து என்றால் கையெழுத்திட்ட கடிதம். 'ஐரோப்பாவின் ஒரு தனியார் சேகரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில துண்டுகளின் அடியில் சீனாவின் சிவப்பு அரக்கு ஏற்றுமதி முத்திரை இருக்கும், அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

திருட்டுப் பொருளா என்றும் பார்க்க வேண்டும். 2012 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலிருந்து 18 சீனப் பொருள்கள் திருடுபோயின, பெரும்பாலானவை ஜேட். அதே மாதம் டர்ஹாமில் இன்னொரு அருங்காட்சியகத்திலிருந்து, கவிதை பொறித்த 1769ஆம் ஆண்டு ஜேட் கிண்ணம் ஒன்று போய், பிறகு கிடைத்தது. இன்டர்போலின் ஐடி-ஆர்ட் என்ற செயலியில் இலவசமாகத் தேடலாம். திருடுபோன கலைப்பொருள்களைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஆர்ட் லாஸ் ரிஜிஸ்டரில் கட்டணம் கட்டித் தேடினால் சான்றிதழ் தருவார்கள். விலை ஏறினால் இதைத் தவிர்க்காதீர்கள்.

6. எங்கே வாங்கக் கூடாது

சீனாவின் பெருநிலப்பகுதியில் வாங்கி வெளியே எடுத்துவர நினைக்காதீர்கள். 1911ஆம் ஆண்டும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட, மதிப்புள்ள கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அங்கே பொதுவாகத் தடை. சந்தையில் 'எடுத்துப் போகலாம், ஒன்றும் ஆகாது' என்பார்கள். அசல் என்றால் நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள், போலி என்றால் ஏமாந்திருக்கிறீர்கள். வெளியே வாங்கிய துண்டைப் பெருநிலப்பகுதிக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் நுழையும்போதே சுங்கத்தில் தற்காலிக வருகை என்று பதிவு செய்யாமல் போகாதீர்கள், திரும்பி வரும்போது அதே 1911 விதியில் மாட்டும்.

ஹாங்காங்கில் கேட் ஸ்ட்ரீட்டும் யாவ் மா தே ஜேட் சந்தையும் சுற்றிப் பார்க்க நல்ல இடங்கள், அரண்மனைப் பொருள் தேடும் இடங்கள் அல்ல. கடையில் வாங்கினால் ரசீதில் காலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்: 'சிங் வம்சம், 18ஆம் நூற்றாண்டு, நெஃப்ரைட்', கூடவே, தவறு என்று நிரூபணமானால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒரு வரி. எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

7. ஏலம்: பதிவு, பட்டியல் மொழி, செலவு

பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சில சமயம் வங்கிக் கடிதம் கேட்பார்கள். புதியவர்கள் ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள், கடைசி நாளில் சரிபார்ப்பு முடியாமல் போகலாம். விலை உயர்ந்த லாட்டுகளுக்கு முன்பணம் தனியாகக் கேட்பார்கள். பிடித்த லாட்டுக்கு கண்டிஷன் ரிப்போர்ட் கேளுங்கள், இலவசம். விரிசல், உதிர்வு, விளிம்பைத் தேய்த்துச் சரி செய்தது எல்லாம் அதில்தான் வரும், பட்டியலில் வராது.

பட்டியல் மொழியை வக்கீல் நோட்டீஸ் படிப்பது போலப் படிக்க வேண்டும். 'சியான்லோங் முத்திரை, அக்காலத்தையே சேர்ந்தது' என்பது ஒன்று. வெறும் 'சியான்லோங் முத்திரை' என்பது, முத்திரை இருக்கிறது, காலத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம். பெரிய நிறுவனங்கள் 5 வருடம் வரை அசல்தன்மைக்கு உத்தரவாதம் தருகின்றன, ஆனால் பொதுவாகத் தலைப்பில் இருப்பதற்கு மட்டும்தான், கீழே எழுதும் நீண்ட கட்டுரைக்கு அல்ல.

செலவுக் கணக்கு இப்படி வரும். சுத்தியல் விழுந்தது (அதாவது ஏலம் முடிந்த விலை) 80,000 டாலரில் என்றால், பையர்ஸ் பிரீமியம், அதாவது ஏல நிறுவனம் வாங்குபவரிடம் அதற்கு மேல் வாங்கும் கட்டணம், 26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 20,800. ஆகக் கட்ட வேண்டியது 1,00,800. விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அடிக்கடி மாற்றுகிறார்கள், ஒவ்வொரு முறையும் விதிமுறையைப் பாருங்கள். வேறொரு இணையத் தளம் வழியாக ஏலம் கேட்டால் இன்னொரு 3 முதல் 5 சதவீதம் வரை ஏறலாம். ஹாங்காங்கில் விற்பனை வரி இல்லை. பிரிட்டனில் பிரீமியத்தின் மேல் 20 சதவீத வாட் வரும், வெளிநாட்டிலிருந்து ஏலத்துக்குக் கொண்டுவந்த பொருள் என்றால் சுத்தியல் விலையின் மேலும் 5 சதவீதம். லாட் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிகள் இதைத்தான் சொல்கின்றன, நான் முதல் முறை அவற்றை அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

மொத்தச் செலவை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நிறுத்த வேண்டிய எண்ணை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட சில இடங்களில் 7 நாள்தான். வங்கியிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் போக மூன்று நான்கு நாள் ஆகும், அதனால் வங்கி வரம்பை ஏலத்துக்கு முன்பே உயர்த்தி வையுங்கள். எடுக்கத் தாமதமானால் வாடகை போடுவார்கள்.

8. வீட்டுக்குக் கொண்டுவருவது

சுங்கக் குறியீடு முக்கியம். 100 வருடத்துக்கு மேற்பட்ட பொருள் 9706. கூரியர் முகவர் அவசரத்தில் 'கல்லால் ஆன பொருள்' என்று 7116 போட்டுவிட்டால் வரி மாறிவிடும். என் மூன்றாவது துண்டுக்கு அப்படிப் போட்டு, திருத்தி வாங்க ஐந்து வாரம் அலைந்தேன். பில்லிலேயே குறியீடும் செய்த காலமும் அச்சாகியிருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜூன் 28 முதல் புது விதி. 200 வருடத்துக்கு மேற்பட்ட, 18,000 யூரோவும் அதற்கு மேலும் மதிப்புள்ள இத்தகைய பொருளுக்கு, அது உருவான நாட்டிலிருந்து சட்டப்படி வெளியேறியது என்று இறக்குமதியாளர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஐந்தாம் படியில் சொன்ன காகிதங்கள் இல்லையென்றால் இங்கே நின்றுவிடும்.

இந்தியாவுக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. சட்டத்தின் வரையறையில் இந்தியாவில் செய்தது என்ற நிபந்தனை இல்லை. உள்ளே போன பிறகு விற்பதற்காக மறுபடி வெளியே கொண்டுவருவது பெரும்பாடு.

அப்புறம், பீடம். பழைய ஜேட்டுக்கு மரப்பீடம் கூட வரும். அதில் உயர்ந்தது என்று சீனர்கள் கொண்டாடும் சிட்டான் மரம் பெரும்பாலும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் விளையும் செம்மரம்தான். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, கறுப்புக்குள் ஒளிந்திருந்த அந்தச் சிவப்பைக் கண்டு கொஞ்ச நேரம் ஜேட்டையே மறந்துவிட்டேன். அருகிவரும் உயிரினங்கள், தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் இருக்கிறது. செதுக்கி முடித்த பீடத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு, ஆனால் பில்லில் 'மரப்பீடம்' என்று மட்டும் போட்டால் எந்த மரம் என்று கேட்டுப் பொட்டலத்தை நிறுத்திவிடுவார்கள். மரத்தின் தாவரப் பெயரை எழுதச் சொல்லுங்கள். தந்தம் பதித்த பீடமோ மூடியோ என்றால் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

9. வந்து சேர்ந்த அன்றே செய்ய வேண்டியது

பெட்டியைத் திறப்பதையே வீடியோ எடுங்கள். கண்டிஷன் ரிப்போர்ட்டை பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலாகச் சரிபாருங்கள், புதிதாக ஏதாவது இருந்தால் காப்பீட்டுக்கு அன்றே எழுதுங்கள். எடை, அளவு, ஆறு பக்கப் படம், முத்திரையின் நெருக்கமான படம் எடுத்து, ரசீது, பட்டியல் பக்கம், மின்னஞ்சல்கள், சுங்கத் தாள், தேடல் சான்றிதழ் எல்லாவற்றோடும் ஒரே கோப்பில் போடுங்கள். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். அடியில் இருக்கும் பழைய லேபிளைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், துண்டைத் துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். அடர்த்தி பார்க்கத் தண்ணீரில் விடுவதாக இருந்தால் லேபிளோ அரக்கு முத்திரையோ இல்லாத துண்டுக்கு மட்டும்.